ஈர்ப்புக்கு ஆள் பேதமில்லை

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட் புதிதல்ல. சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை என்று எந்த ஊரில் பிறந்தாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே ராக்கெட்டுக்கும் ஷாட்டுக்கும் வித்தியாசம் சொல்லிவிடுவார்கள். திரி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், மருந்து ஈரம் கோத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே அவர்கள் காதில் விழுந்த சங்கதிகள். ஆனால், "மேலே போன ராக்கெட்டின் குச்சி ஏன் திரும்பிக் கீழே வந்தது?" என்று கேட்டால் வகுப்பு யோசிக்கும். பிறகு ஒருவன் எழுந்து, "மருந்து தீந்துபோச்சு சார்" என்பான்.

அது பாதிப் பதில். மீதிப் பாதியைத் தேடிப் போனால் அந்தப் பிள்ளை நிலாவைத் தொட்டு, நெப்டியூன் வரை போய்த் திரும்பலாம். ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் ‘பேரண்டம் மற்றும் சூரியக் குடும்பம்’ என்று ஒரு பாடம் இருக்கிறது. எட்டுக் கோள்களின் பெயரை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லி, ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குக் கோடிட்டுக் கொடுத்து, அதை நாம் சீக்கிரமே கடந்துவிடுகிறோம். பள்ளியில் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இளம் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். இந்தப் பாடத்தை அவசரமாக முடிக்காதீர்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் துணை நிற்கும் ஒரு நியாயம் அதற்குள் இருக்கிறது.

அந்த நியாயத்துக்கு வருமுன் நம் பழைய கடன் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மழை ஏமாற்றும் இந்தக் கரிசல் சீமைக்கு அந்தத் தொழில்தான் அடுப்பெரிய வழி காட்டியது. பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வந்தன. அந்த வளர்ச்சியில் பெரியவர்களின் உழைப்பு மட்டும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் வண்டி விடியுமுன்பே கிராமம் கிராமமாக வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகள் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்ன விரல்கள் வேண்டியிருந்தன. அந்த நேரத்தில் பல நாட்கள் கிழக்கே விடிவெள்ளி பளிச்சென்று நின்றிருக்கும். அது நட்சத்திரம் இல்லை, வெள்ளி என்ற கோள், நம் பூமியைப் போலவே சூரியனைச் சுற்றி வருகிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல யாரும் இல்லை. அதைப் பார்க்க வேண்டிய வயதில் அவர்கள் கண் குச்சியின் மேல் இருந்தது.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலை கொடுத்தவர் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்குப் போக வேண்டும் என்றது. சட்டமும் மதிய உணவும் பெற்றோரின் வைராக்கியமும் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தன. பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்றது விருதுநகர் மாவட்டம். இது சிறிய சாதனை இல்லை. ஆனால் தேர்ச்சி பெறுவது ஒன்று, புரிந்துகொள்வது வேறொன்று. அந்த வண்டியில் ஏறிய தலைமுறைக்கு நாம் காட்டத் தவறிய வானத்தை, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காவது முழுதாகக் காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? முதலில் தூரத்தைக் காலால் உணர வையுங்கள். புத்தகப் படத்தில் எட்டுக் கோள்களும் ஒரே பக்கத்தில் தோளோடு தோள் நிற்கும். அந்தப் படத்தை நம்பிய பிள்ளைக்குச் சூரியக் குடும்பம் ஒரு தெரு அளவுக்குத்தான் மனதில் பதியும். அச்சக ஊரில் அட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு மீட்டர் குறுக்களவில் வட்டமாக வெட்டிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். அதுதான் சூரியன். இந்தக் கணக்கில் புதன் ஒரு மல்லி விதை. அது 42 மீட்டரில் இருக்கும். வெள்ளி 78 மீட்டரில். நம் பூமி ஒரு கொண்டைக்கடலை அளவில் 107 மீட்டரில். அதிலிருந்து ஒரு சாண் தாண்டி, ஏறத்தாழ 28 சென்டிமீட்டரில், கடுகைவிடச் சற்றே பெரிய நிலா. செவ்வாய் ஒரு குண்டுமணி, 164 மீட்டரில்.

அதுவரை பள்ளி மைதானத்திலோ வாசல் தெருவிலோ முடிந்துவிடும். அதன்பின் நடக்க வேண்டும். உரித்த சிறு தேங்காய் அளவு வியாழன் 559 மீட்டரில். அதைவிடச் சற்றுச் சிறிய சனி ஒரு கிலோமீட்டரில். எலுமிச்சை அளவு யுரேனஸ் இரண்டு கிலோமீட்டரில். அதே அளவு நெப்டியூன் மூன்றேகால் கிலோமீட்டரில், பக்கத்து ஊரின் எல்லையில். நடந்து களைத்த பிள்ளைகளை அங்கே உட்கார வைத்து, "நம்ம சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் இந்தக் கணக்குல எங்க இருக்கும்?" என்று கேளுங்கள். மதுரை என்பார்கள், சென்னை என்பார்கள், துணிந்தவன் டெல்லி என்பான். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் வரும். பூமியின் குறுக்களவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த எண்ணைக் கேட்ட பிள்ளை, தான் இருக்கும் கொண்டைக்கடலையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கும்.

இவ்வளவு வெற்றிடத்துக்கு நடுவே இந்தக் கடலையையும் குண்டுமணியையும் எது பிடித்து வைத்திருக்கிறது? இந்தக் கேள்வியை ஆசிரியர் கேட்க வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்த பிள்ளையே கேட்பான். அங்கேதான் ஈர்ப்பைத் தொடங்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தையும் ஒரு துண்டுத் தாளையும் இரண்டு கைகளிலிருந்து ஒரே நேரத்தில் விடச் சொல்லுங்கள். புத்தகம் தொப்பென்று விழும், தாள் ஆடி ஆடி இறங்கும். கனமானது வேகமாக விழும் என்று பிள்ளைகள் முடிவு கட்டுவார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து மனிதகுலம் நீண்ட காலம் நம்பியதும் அதைத்தான். இப்போது அதே தாளைப் புத்தகத்தைவிடச் சிறிதாகக் கிழித்து, புத்தகத்தின் மேலேயே வைத்து விடச் சொல்லுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டது போலச் சேர்ந்தே விழும். தாளைத் தாமதப்படுத்தியது காற்று. புத்தகம் காற்றை விலக்கிக் கொடுத்தவுடன் தாளும் அதே வேகத்தில் விழுகிறது. 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 பயணத்தில் நிலாவில் இறங்கிய டேவிட் ஸ்காட் ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒன்றாகக் கைவிட்டார். காற்றே இல்லாத அந்தத் தரையில் இரண்டும் ஒரே நொடியில் விழுந்தன. காற்றின் தடை இல்லாவிட்டால் எல்லாம் ஒரே வேகத்தில் விழும் என்று கலிலியோ சொன்னது சரி என உலகமே பார்த்தது.

நிலா வரை போகாமலே இதைப் பார்க்க நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. ஃபேன்சி வெடி மேலே போய் வெடித்தால் பூ ஏன் உருண்டையாக விரிகிறது? உள்ளே இருக்கும் மணி மருந்து ஒவ்வொன்றும் நடுவிலிருந்து ஒரே வேகத்தில் எல்லாத் திசையிலும் சிதறுகிறது. மேலே போகும் மணியும் கீழே வரும் மணியும் பக்கவாட்டில் பாயும் மணியும் எல்லாம் அந்த நொடியிலிருந்து பூமியை நோக்கி விழத் தொடங்கிவிடுகின்றன. ஈர்ப்பு ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் இழுத்தால் பூ கோணலாகிப் போயிருக்கும். எல்லா மணியும் ஒரே அளவு கீழிறங்குவதால் உருண்டை உருண்டையாகவே விரிந்து, விரிந்தபடியே மொத்தமாகக் கீழிறங்குகிறது. காற்றின் தடையால் கடைசியில் அதன் ஓரங்கள் கலையலாம். அதற்கு முன் கண் நிறையப் பார்க்கும் அந்த வட்டம், ஈர்ப்பு எல்லோரையும் சமமாக நடத்துகிறது என்பதற்கு வானத்தில் எழுதிய சாட்சி. அம்மாவும் அப்பாவும் கையால் செய்த சரக்கு இப்படி ஒரு விதியைக் காட்டுகிறது என்று தெரிந்த பிள்ளை, அவர்களுடைய உழைப்பையும் புதிய மரியாதையோடு பார்க்கும்.

அடுத்த படி நிலா. கையிலிருந்து விட்ட கல் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டர் விழுகிறது. நிலா விழுகிறதா என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். விழுகிறது. பூமியின் மையத்திலிருந்து நாம் இருக்கும் தொலைவைப் போல 60 மடங்கு தொலைவில் நிலா இருக்கிறது. தொலைவு 60 மடங்கானால் ஈர்ப்பு 60-ஐ 60-ஆல் பெருக்கிய அளவு, அதாவது 3,600 மடங்கு குறையும். ஐந்து மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீட்டர் வரும். நிலா ஒவ்வொரு நொடியும் நம்மை நோக்கி அவ்வளவு விழுகிறது. அதே நொடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடியும் விடுகிறது. விழுவதும் ஓடுவதும் சேர்ந்துதான் அந்த வட்டப் பாதை. தரையில் விழும் பழத்துக்கும் வானத்தில் சுற்றும் நிலாவுக்கும் ஒரே விதி என்று நியூட்டன் 1687-ல் வெளியிட்ட நூலில் நிறுவிக் காட்டினார். அதுவரை பூமிக்கு ஒரு சட்டம், வானத்துக்கு ஒரு சட்டம் என்றுதான் பெரிய அறிஞர்களும் எண்ணியிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிட வேண்டும். விண்வெளியில் ஈர்ப்பே இல்லை, அதனால்தான் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்று பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். தரையிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்திலும் இங்கே உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எடை தெரிவதில்லை. தீபாவளி ராக்கெட் திரும்பி வருவதற்கும் செயற்கைக்கோள் திரும்பாததற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. செயற்கைக்கோளுக்குப் பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் கொடுக்கப்படுகிறது. அதுவும் விழுகிறது. ஆனால் பூமியின் வளைவு அதற்குக் கீழே விலகிக்கொண்டே போகிறது. அப்படி ராக்கெட் ஏவும் தளம் ஒன்று நம் பக்கத்து மாவட்டத்தில், குலசேகரப்பட்டினத்தில் அமைகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போக வேண்டும். குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்குக் கடல்மீது போகலாம். அங்கிருந்து கிளம்பப்போகும் ராக்கெட்டுக்கும் நம் தெரு ராக்கெட்டுக்கும் விதி ஒன்றுதான் என்று இன்றைக்கே பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்த ஒரு நாள், தாயார் பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "அப்போ மருந்துக்கும் ஆள் தெரியாதா சார்?" நான் சொல்ல வந்த நியாயம் அந்தக் கேள்வியில் முழுதாக இருந்தது. "தெரியாது தாயி" என்றேன்.

மருந்துக்கும் ஆள் தெரியாது. நெடுங்காலம் வேலை பார்த்தவர், நேற்றுச் சேர்ந்தவர் என்று பார்க்காது. நல்லவர், கெட்டவர் என்று பார்க்காது. உராய்ந்தால் சூடேறும், சூடேறினால் பற்றும். அதனால்தான் ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பதும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்பதும் அதற்காகவே. இந்த விதிகள் யாரோ அதிகாரி வசதிக்காக எழுதியவை போலத் தோன்றலாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயற்கையின் ஒரு விதி நிற்கிறது. "இத்தனை வருசமா ஒண்ணும் ஆகல, சாமி பாத்துக்கிடும்" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பக்தியில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இத்தனை வருடம் ஒன்றும் ஆகாதது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பின்னும் நம் பக்கத்தில் ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு வீட்டில் ஒப்பாரி கேட்கிறது. ஈர்ப்பைப் புரிந்துகொண்ட பிள்ளை, விதிக்கு விலக்கு இல்லை என்பதைப் புரிந்துகொண்ட பிள்ளை. "நாலு பேருக்கு மேல ஏம்மா உக்காந்தீங்க?" என்று தாயிடம் கேட்கும் துணிவு அதற்கு வரும். நாளைக்கு அந்தப் பிள்ளையே போர்மேனாகவோ முதலாளியாகவோ ஆனால், அந்த ஐந்தாவது ஆளை உள்ளே விட அதன் மனம் ஒப்பாது.

இதன் இன்னொரு பக்கம் சமத்துவம். முதலாளி வீட்டுப் பிள்ளை கையிலிருந்து நழுவும் பேனாவும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை கையிலிருந்து நழுவும் பேனாவும் ஒரே நேரத்தில்தான் தரையைத் தொடும். மேலத்தெரு, கீழத்தெரு என்று பூமிக்குத் தெரியாது. மனிதர்கள் வகுத்த ஏற்றத்தாழ்வுகளுக்கு இயற்கையில் ஆதாரம் இல்லை என்பதை, உரக்கப் பேசாமல் ஒரு புத்தகத்தையும் ஒரு தாளையும் கீழே விட்டே வகுப்பில் புரியவைக்க முடியும். பதினொரு வயதில் மனதில் இறங்கிய இந்த நியாயம் எளிதில் அழியாது.

கிரகணத்தைப் பற்றிய பயத்தைப் போக்கவும் இதே பாடம் உதவும். நாட்டின் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்கும் தினசரி காலண்டர் சிவகாசியில் அச்சானது. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் எல்லாம் அதில் முன்கூட்டியே அச்சாகிவிடுகின்றன. கிரகணம் என்று வரும் என ஒரு வருடம் முன்பே அச்சடிக்க முடிகிறது என்றால், நிலாவும் பூமியும் விதி தவறாமல் ஓடுகின்றன என்றுதானே பொருள்? அமாவாசைக்கு மறுநாளிலிருந்து பௌர்ணமி வரை, தினமும் சூரியன் மறையும் நேரத்தில் நிலா எங்கே நிற்கிறது என்று அந்தக் காலண்டர் தாளின் பின்பக்கத்திலேயே பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். மூன்றாம் பிறை மேற்கே தாழ்ந்து நிற்பதும், பௌர்ணமி நிலா கிழக்கே எழுவதும் அவர்கள் கைப்படப் பதிவாகும். செலவில்லாத ஆய்வகம் இது.

2010 ஜனவரி 15, தை அமாவாசை, மாட்டுப் பொங்கல் நாள். கன்னியாகுமரியிலும் தனுஷ்கோடியிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. இந்த மூன்றாம் ஆயிரமாண்டிலேயே மிக நீண்ட வளையக் கிரகணம் அது. இந்தியப் பெருங்கடல் மீது அதிகபட்சமாக 11 நிமிடம் 8 நொடி நீடித்தது. உலகின் பல மூலைகளிலிருந்து அதைப் பார்க்கத் தென் தமிழகத்துக்கு வந்தார்கள். நம் தெருக்களில் பல வீடுகளின் கதவு சாத்திக் கிடந்தது. பாட்டிமார் பயத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

இப்போது விளக்கிச் சொல்ல வழிகள் பெருகியிருக்கின்றன. 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைப் பொருட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் இருக்கிறது. முன்னுதாரணமும் தொலைவில் இல்லை. சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். நிலாவின் தென்துருவப் பகுதியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்தில் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகன். இவர்கள் பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சின்ன ஊரில் பிறந்தவர்களும் வானத்தை அளக்கலாம் என்று அப்போதுதான் அவர்கள் நம்புவார்கள்.

விருதுநகரில் பிறந்த காமராஜர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வீடு வீடாகச் சேர்த்த பிடியரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர். தனக்குக் கிடைக்காத படிப்பு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காமல் போகக் கூடாது என்று முதலமைச்சராகிப் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார். அவர் நிறுத்திய அதே ஆறாம் வகுப்பில்தான் இன்று சூரியக் குடும்பப் பாடம் இருக்கிறது. அந்த வகுப்புக்கு நம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். அங்கிருந்து மேலே ஏற்ற வேண்டியவர்கள் நாம்.

2031 மே 21 அன்று கேரளத்தையும் தென் தமிழகத்தையும் கடந்து மீண்டும் ஒரு வளையக் கிரகணம் போகிறது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அன்று பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் இருப்பார்கள். அன்றைக்கு அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காரக் கூடாது. கிரகணத்துக்கென்று தயாரித்த பாதுகாப்புக் கண்ணாடியோடு தெருவில் நிற்க வேண்டும். கண்ணாடி இல்லாதவர்களுக்கு அட்டையில் ஊசித்துளை போட்டுத் தரையில் சூரிய பிம்பத்தைக் காட்ட வேண்டும். நிலா எங்கே நிற்கிறது, ஏன் சூரியனை முழுதாக மறைக்கவில்லை என்று அக்கம்பக்கத்தாருக்கு விளக்க வேண்டும். அதற்கான தயாரிப்பு இந்த ஆண்டின் ஆறாம் வகுப்புப் பாடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆசிரியர்கள் நிதானமாக நடத்தட்டும். பெற்றோர் ஒரு மாலை நேரமாவது மொட்டை மாடியில் பிள்ளைகளோடு நின்று வானத்தைப் பார்க்கட்டும். என்னைப் போன்ற மூத்தவர்கள் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க முன்வருவோம். விதி எல்லோருக்கும் ஒன்று என்று அறிந்து வளரும் பிள்ளை, யாருக்கும் அஞ்சாது. யாரையும் தாழ்த்தாது. தன் உயிரையும் பிறர் உயிரையும் அலட்சியம் செய்யாது. இந்த மண்ணுக்கு வேண்டிய படிப்பு அதுதான்.